வுடு

எதிரணிப் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக வரிசையாக நின்று வாந்தி எடுத்தார்கள். சேலம் பக்கத்துக் கல்லூரி. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மலையேறி வந்ததில் எல்லாருக்கும் முகம் வெளிறிக் கிடந்தது. அம்சவேணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வருஷா வருஷம் அவளுடைய அணிப் பெண்கள்தான் இதே ரோட்டில் இறங்கிப் போய், வயிற்றைக் காலி செய்துவிட்டு, ஐந்தும் ஆறுமாகக் கோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பல்கலைக்கழகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு ஆட்டத்தையாவது கொல்லிமலைக்குக் கொண்டுவந்திருந்தாள். கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுவிட்டு, மனசு கேட்காமல் எலுமிச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தனுப்பினாள்.

இன்று தோற்றால் அடுத்த வருஷம் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி கிடையாது. பிரின்சிபால் மணிவண்ணன் இதை மறைக்கவில்லை. “ஒரு மேட்ச்சாச்சும் ஜெயிச்சிருந்தா நானும் மேல பேசுவனுங்க மேடம். கபடி போதும்ங்கறாங்க. நீங்களும் கொஞ்சம் ஊட்டப் பாருங்க” என்றார். வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் மிளகுக் கொடி ஏறிய நாலு மரங்களும், தங்கை காலமெல்லாம் பந்துக்குப் பின்னால் போனதை இன்னும் மன்னிக்காத ஒரு அண்ணனும்தான். மாநில அணிக்குக் கோல் காத்தவள் அம்சவேணி. தோள்மூட்டு இரண்டாம் தடவை நழுவியதோடு ஆட்டம் முடிந்தது. தற்காலிகப் பயிற்சியாளராக இந்தக் கல்லூரிக்கு வந்தாள். தற்காலிகமாகவே தலையும் நரைத்துவிட்டது.

மற்ற அணிகளில் கோல்கீப்பர் பந்தை எடுக்க வரும்போது “கீப்பர்!” என்று கத்துவாள், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். இந்த மலைப் பெண்களுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நினைத்துச் சொல்வதற்குள் பந்து கோலுக்குள் போய்விடும். கன்றுக்குட்டி கயிற்றை இழுத்தாலும், தம்பி தங்கைகள் அடித்துக்கொண்டாலும் இவர்கள் தொண்டையில் தன்னால் வரும் சொல் ‘வுடு’தான். அதையே அம்சவேணி எடுத்துக்கொண்டாள். அவளும் ஆடிய காலமெல்லாம் அப்படித்தான் கத்தியிருக்கிறாள். கீப்பர் ‘வுடு’ என்றால் எவளும் பந்தைத் தொடக்கூடாது. கீப்பரைத் தவிர வேறு எவளும் மைதானத்தில் அந்தச் சொல்லைச் சொல்லவும் கூடாது. ஒருமுறை விளையாட்டுக்குச் சொன்ன பெண்ணை மைதானம் முழுக்க ஓடவிட்டிருக்கிறாள்.

கீப்பர் அருணா, அரியூர் நாட்டுக்காரி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளை இங்கிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அம்சவேணியின் தொண்டையும் அதே வகைதான். அருணாவுக்கு முன்னால் தடுத்து ஆடுகிறவள் நசீபா, அடிவாரத்து மளிகைக்கடை ஹபீப் ரஹ்மானின் மகள். இரண்டு பேருமாக அன்றைக்கு ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. இவர்கள் அணியாலும் கோல் போட முடியவில்லை. இப்படியே முடிந்தால் பெனால்டி. பெனால்டியில் அருணாவைத் தாண்டுவது லேசு இல்லை. அம்சவேணி முதல் தடவையாக அடுத்த வருஷத்தைப் பற்றி யோசித்தாள். புது வலை வாங்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிரணி நடுவிலிருந்து பந்தை உயரமாகத் தூக்கி அடித்தது. அது குத்தி எழுந்து கோலை நோக்கி வந்தது. நசீபா ஓடிவந்து வெளியே அடிக்கக் காலை ஓங்கினாள். கோலுக்குப் பக்கமாகக் கோட்டுக்கு வெளியே நின்ற அம்சவேணிக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது. இரண்டே எட்டு, எடுத்துவிடலாம் என்று உடம்பு சொன்னது. அது இந்த உடம்பு இல்லை, ஆடிக்கொண்டிருந்த காலத்து உடம்பு.

“வுடு!”

நசீபா ஓங்கிய காலை இழுத்துக்கொண்டாள். அருணா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவள் எதற்கு அசைவாள்? பின்னால் ஓடிவந்த எதிரணிப் பெண் பந்தைச் சும்மா காலால் தொட்டாள். அவ்வளவுதான். பந்தை நடுவில் வைத்து உதைத்ததும் விசில் ஊதிவிட்டார்கள்.

நசீபா தரையில் உட்கார்ந்து அழுதாள். “வுடுன்னு கத்துனியேடி! கத்திட்டு ஏண்டி வராம நின்ன?”

அருணா தன் கையுறைகளையே பார்த்தாள். “நானா கத்துனேன்?” என்றாள். அப்புறம் மெதுவாக, “நாந்தான் கத்தியிருப்பேன். வேற யாரு கத்துவாங்க” என்றாள்.

அம்சவேணி கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, “கத்துனது அருணா இல்ல கண்ணு, நானு” என்றாள்.

நசீபாதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உடுங்க மேடம். நீங்க எப்பவும் இப்படித்தான்” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். பஸ் தவறினால் நான்தான் நிறுத்திவைத்தேன் என்பாள் அம்சவேணி. ஹாஸ்டலுக்கு நேரம் கழித்துப் போனால், கூட்டிப்போனதே நான்தான் என்பாள். அருணாவின் அப்பாவிடம்கூட எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு காலம் இவர்களுக்காகச் சொன்ன பொய்களெல்லாம் சேர்ந்து இந்த ஒரு உண்மையை அமுக்கிவிட்டன. மணிவண்ணன்கூடப் பக்கத்தில் வந்து, “உங்க மனசு யாருக்கு வருமுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அறையலாம் போல இருந்தது.

தோற்றது வலித்தது. வேலை போவதும் வலித்தது. ஆனால் கோல்கீப்பருக்கு ஒரே மருந்து அடுத்த ஆட்டம்தான் என்று அவளுக்குத் தெரியும். தன் முதல் மாநிலப் போட்டியில் கால்களுக்கு நடுவே பந்தை விட்டவள், அடுத்த போட்டியில் நாலு பந்தைப் பிடித்த பிறகுதான் சோறு தின்றாள். அருணாவுக்கு அடுத்த போட்டி இல்லை. செய்யாத தப்பை இந்தப் பெண் கிழங்கு பிடுங்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போதும் நினைத்துக்கொண்டே இருப்பாள். அதை எடுத்துப்போட அம்சவேணியிடம் ஒன்றுமே இல்லை.

மற்றவர்கள் போன பிறகு இருவருமாக வலையை அவிழ்த்தார்கள். புடவை மடிப்பது போல ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தபடி நெருங்கி வந்தார்கள்.

“சத்தியமா நாந்தான் சாமி கத்துனேன். பந்தப் பாத்தேன், வாயில வந்துருச்சு” என்றாள் அம்சவேணி. குரல் உடைந்தது.

அருணா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வது போல அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “சரிங்க மேடம். நீங்கதான் கத்துனீங்க. அழுவாதீங்க.”

தன் கையிலிருந்த முனையையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். யாரோ அப்படியே போட்டுவிட்டுப் போன பந்து சரிவில் மெல்ல உருண்டு அவள் காலருகே வந்தது. அருணாவின் கை தன்னால் கீழே இறங்கியது. பாதியில் நின்றது. பந்து அவளைக் கடந்து குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் உருண்டு போனது.