கன்னக்கட்டை

சிறுவர் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்துக்கு ரைஃபிளைத் தோளில் தாங்கும் மரக்கட்டை செய்து கொடுத்தவர் ஒரு தச்சர். கடையில் அது யானை விலை, குதிரை விலை விற்றது. பிள்ளைகளோ மாதத்துக்கு ஓர் அளவில் வளர்ந்து தொலைத்தார்கள். அதனால் தோளில் பதியும் முனையும் கன்னம் சாயும் துண்டும் போல்ட்டைத் தளர்த்தினால் நகரும்படி, ப்ளைவுட்டிலேயே செய்துவிட்டார்.

முதல் கட்டை அவர் மகளுக்கு. "கன்னக்கட்டைய வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் குடுங்கப்பா" என்று மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் ஒரு விரற்கடை தள்ளி, பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதினார். "மூங்கில் மாதிரி வளருதுங்க" என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இன்று பயிற்சியாளர் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளர்ந்தா தோள்முனைதாங்க பின்னால போகணும். அது போட்ட இடத்துலயே இருக்கு. கன்னம் ஏன் குறுக்க போகுது? வலது கண்ணால குறி பாக்கற பொண்ணு, தலைய சாய்ச்சு சாய்ச்சு இடது கண்ண குறிக்கு நேரா கொண்டுவந்திருக்கா."

தச்சர், பக்கத்தில் நின்ற மகளின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, மறுகை விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எத்தனைம்மா?"

அவள் கை நீட்டி அவர் விரல்களைத் தடவினாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எப்படி வேணா தள்ளிக்கலாம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

அவர் கையை எடுத்தார். "எப்போலேர்ந்து?"

அவள் கட்டையை வாங்கி, தேதி போட்ட முதல் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.