ஈமுவுக்கு அடை தெளிய வைத்தேன்

கோழி இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் ஈமு ஐம்பத்திரண்டு நாளாகக் குந்திக்கொண்டிருந்தது, ஒரு முட்டைகூட விரியவில்லை. நோணாங்குப்பத்தில் ஆற்றோரம் தோட்டம் போட்டு, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கட்டும் என்றுதான் இரண்டு ஈமு வாங்கி விட்டேன். மூலையில் படுத்துக் கிடப்பதற்கா?

"எல்லாம் கூமுட்ட. அவ்ளோதான்," என்றேன்.

பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பன் கையைப் பிசைந்தான். மில் மூடியபிறகு என்னிடம் வேலைக்கு வந்தவன்.

"கோழிக் கணக்கு இதுக்கு ஆவாது சார். எட்டு வாரம் புடிக்கும். குந்தியிருக்கறது ஆணு. பொட்ட முட்டய வுட்டுட்டுப் போயிடும், இதுதான் தின்னாம குடிக்காம காக்கும். இன்னும் நாலு நாளு வுட்டுடுங்க."

"ஆம்பள அடகாக்குமா? யோவ், உன் பொண்டாட்டி ஓடிப்போயி நீ புள்ள வளத்தன்னா, பறவையெல்லாமா அப்டி?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அவன் தலை குனிந்துகொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று வந்த ஜோடிக்கு ஈமு பக்கத்தில் நின்று படம் வேண்டுமாம். இன்னொன்றோ ஆளைக் கண்டாலே உதைக்கும். எங்கள் வீட்டில் அடைக்கோழியைத் தெளிய வைக்க, தண்ணீரில் முக்கி, காலைக் கட்டி வெயிலில் போடுவார்கள். அதையே செய்தேன். குந்தியிருந்ததை இரண்டு ஆட்களை விட்டு இழுத்து வந்து, ஹோஸைத் திறந்து நனைத்து, காலைத் தென்னையில் கட்டினேன். அது முட்டைப் பக்கமே திமிறியது. கால் முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது. எலும்பும் தோலுமாய் இருந்த உடம்பு, கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. சனியன்!

"முட்டைங்கள ஆத்துல போடு," என்றேன்.

கன்னியப்பன் கரும்பச்சை நிற முட்டை ஒன்றை எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகமே மாறிவிட்டது.

"சார், உள்ள விசிலடிக்குது சார். உயிரோட இருக்குது. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, பல்பு போட்டாவது பொழைக்க வச்சுடறேன். உங்க கால்ல வுழறேன்."

அழுதேவிட்டான். அந்த ஜோடி, போட்டோகிராபர், வேலையாட்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முட்டையை வாங்கிக் காதில் வைத்தேன். கேட்டது. விட்டுவிட்டு, மெல்லியதாக, உள்ளேயிருந்து ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை பேர் முன்னால் கூமுட்டை என்று சொன்னவன் நான்.

"ஒண்ணும் கேக்கல," என்று சொல்லி நானே அதை ஆற்றில் வீசினேன். "மீதிய நீ போடு."