ஒரே ஒரு இழுப்பு

கயிறு செத்துக் கிடந்தது.

பெரியவன் இரண்டாவது முறையாக இழுத்தான். மேலிருந்து ஒரு இழுப்பு என்றால், 'நல்லா இருக்கியா?' கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால், 'இருக்கேன்.' துறைமுக மேடைக்கு அடியில், கண் தெரியாத கலங்கல் தண்ணீரில், இடுப்பில் கட்டிய அந்தக் கயிற்றோடு தூண்களில் விரிசல் தேடிக்கொண்டிருந்தான் தம்பி. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் அண்ணன். இருவருக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரே பேச்சு அந்த இழுப்புதான். கரையிலும் வேறு பேச்சு இல்லை. ஐந்து வாரமாயிற்று.

ஐந்து வாரத்துக்கு முன் அப்பா படுக்கையில் விழுந்தார். சின்னவன் இரண்டு நாள் பயணத் தூரத்தில், வேறொரு துறைமுகத்தில் வேலையாக இருந்தான். "லேசான காய்ச்சல்தான்டா. கையிலிருக்கற வேலையை முடிச்சிட்டு நிதானமா வா" என்று போனில் சொன்னான் பெரியவன். தண்ணீரில் இறங்குகிறவன் மனதில் கவலை ஏறக்கூடாது என்று நினைத்தான். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். வந்து சேர்ந்த சின்னவன் கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. அண்ணனிடம் வாயை மூடிக்கொண்டான். ஒரே வீடு, ஒரே மேஜை, வேலைக்குப் போக ஒரே வேன். உப்பு வேண்டுமென்றாலும் அண்ணி வழியாகத்தான் கேட்டான்.

அந்த வீம்பு கயிற்றிலும் இறங்கியது. அண்ணன் இழுத்தால் பதில் உடனே வராது. பத்து எண்ணும்வரை காக்கவைத்து, பிறகு சுள்ளென்று ஒரு இழுப்பு. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் தம்பியைத் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார். பெரியவன் அவரிடம் அதையும் சொல்லவில்லை.

இன்று பத்து தாண்டிவிட்டது. பதினைந்து.

"என்னண்ணே, துரைக்கு இன்னைக்குக் கோவம் ஜாஸ்தியோ?" அவசரமென்றால் குதிப்பதற்காக, முதுகில் காற்று சிலிண்டரோடு உட்கார்ந்திருந்த குண்டு சிரித்தான். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு நேரம் முறுக்கிக்க மாட்டா."

"வருவான்டா. என்னைத் தவிக்க விட்டாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்."

இரண்டு இழுப்புக்குப் பதில் இல்லையென்றால் ஆளை இறக்கு, யோசிக்காதே. விதி அதுதான். பெரியவன் யோசித்தான். இருபது. குண்டு இறங்கிப் போவான், தம்பி கீழே நக்கலாகக் கையாட்டுவான், விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போகும். இருபத்தைந்து.

முப்பதில் கயிற்றை மெல்ல இறுக்கிப் பார்த்தான். மறுமுனையில் ஆள் இருந்தால் கயிறு சும்மா இருக்காது, லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். இது சுவரில் அடித்த ஆணியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

பெரியவன் தலையைத் திருப்பிக் கத்தினான்.

"குண்டு! இறங்கு! இறங்குடா!"

சிரிப்பு துடைத்துப் போட்டாற்போல் மறைந்தது. குண்டு கயிற்றைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போனான். பெரியவன் கடிகாரத்தைப் பார்த்தான். தம்பி இறங்கி முப்பத்தைந்து நிமிஷம். அவனிடம் இருந்த காற்று நாற்பது நிமிஷத்துக்கு.

முப்பத்தாறாவது நிமிஷம். முப்பத்தேழு. பெரியவன் மண்டியிட்டு, கயிற்றைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

சட்டென்று கயிறு தளர்ந்தது. அடுத்த நொடியே ஒரு இழுப்பு. எண்ண ஆரம்பிக்கக்கூட அவகாசம் தரவில்லை.

ஏணியில் ஏறிவந்த சின்னவனின் உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னாலேயே வந்த குண்டு மூச்சு வாங்கினான். "தூண்ல பழைய இரும்புக் கம்பி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குண்ணே. அதுல கயிறு மாட்டி இறுகிப்போச்சு. நெம்பித்தான் எடுத்தேன். இவன் அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டேதான் இருந்திருக்கான். நமக்கு வந்து சேரல."

பெரியவன் தம்பியின் இடுப்பு முடிச்சில் கை வைத்தான். "முப்பது எண்ணுற வரைக்கும் சும்மா இருந்தேன்டா. நீ வீம்பு பண்றதா நினைச்சேன்."

"நான்தானே அப்படிப் பழக்கினேன்."

ஐந்து வாரத்தில் அவன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை.

"கத்தி இருந்துச்சே. அறுத்துட்டு வந்திருக்கலாமில்ல?"

"அறுத்துட்டு வழி தப்பிட்டேன்னா? உன் கைக்கு வெறும் நுனிதான் வரும்." சின்னவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதைப் பிடிச்சுக்கிட்டு நீ நிக்கணும்."

குண்டு முகத்தைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணே. அப்பா என்னைக் கேட்டாரா?"

'இல்லடா, நினைவே இல்லாம கிடந்தார்' என்ற பதில் பெரியவன் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தம்பி இன்று நிம்மதியாகத் தூங்குவான். பெரியவன் அதை விழுங்கினான்.

"கேட்டார். மூணு தடவை. வந்துட்டு இருக்கான்னு மூணு தடவையும் பொய் சொன்னேன். அப்புறம் கடைசியில அவருக்குப் பேச்சு வரல. கதவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்."

சின்னவனின் தோள் ஒருமுறை குலுங்கி நின்றது. அவன் எழுந்து போகவில்லை. முடிச்சை அவிழ்க்கப் போன அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"முதல் தடவை என்ன கேட்டார்? அதுலேருந்து சொல்லு."

பெரியவன் ஈரப் பலகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் நாளிலிருந்து ஆரம்பித்தான்.