செத்தும் நீந்துபவை

ஐந்தாம் நாள் காலையில் செத்த நாற்பது மீன்குஞ்சுகளும் ஆறாம் நாள் காலையில் வழக்கம்போல் தீனிக்கு மேலே வந்தன. அல்மாட்டி ஆய்வுக்கூடத்தில் அதற்காக யாரும் அலறவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தார்கள், இதயம் நின்றிருந்தது, பதிவேட்டில் ‘செத்தும் நீந்துபவை’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார்கள். அவை வரிக்குதிரை மீன்கள். உழைத்துத் தேய்ந்த புரதத்தை நொறுக்கிக் கரைக்க ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் இயந்திரம் உண்டு. அது இல்லாமலே பிறக்கும்படி ஆய்வாளர் ரௌஷான் இந்த மீன்களை உருவாக்கியிருந்தாள். இயந்திரம் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்க அவளிடம் ஓர் ஆன்டிபாடி இருந்தது, ஒரே முயலின் இரத்தத்திலிருந்து எடுத்தது. முயல் செத்து வெகுகாலம் ஆகிறது, அது ஒழுங்காகச் செத்தது, ஆறு குப்பிகள்தாம் மிச்சம். மீனை அரைத்து, சாற்றைத் தாளில் ஏற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்தால் இயந்திரம் உள்ளவற்றுக்குக் கறுப்புக் கோடு விழும். செத்து நீந்தியவற்றுக்குத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

மீன்களைப் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் சாகென். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இழுத்துவிடுவது அவன் பழக்கம். ‘வாயால் உறிஞ்சாதே’ என்று சுவரில் எழுதி ஒட்டியவளே ரௌஷான்தான், ஆனாலும் ஒரு வாய் தண்ணீர் அவன் வயிற்றுக்குள் போகாத நாளில்லை. அக்டோபரில் ஒரு புதன்கிழமை மாரடைப்பில் செத்தான். வியாழக்கிழமை தேநீர் நேரத்துக்கு மேசையில் வந்து உட்கார்ந்தான், குடிக்கவில்லை. குளிப்பாட்ட வந்தவர்கள் வெள்ளைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் தொட்டிகள் ரௌஷான் பொறுப்பாயின. அவசரத்துக்குப் பாவமில்லை என்று அவளும் குழாயை வாயில் வைத்தாள். பிப்ரவரியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, நான்காம் நாள் லேசாக எழுந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பசியில்லை, துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாகெனுக்குள் எதுவும் கரையவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படியே உள்ளே தங்கி அவனைக் கனமாக்கியது. ஏப்ரலுக்குள் மூன்று நாற்காலிகள் உடைந்தன.

“ஜானிம், என் உயிரே, முடியல. நீ அன்னைக்கு அழுதது இன்னும் என் தொண்டையிலேயே நிக்குது. ஏழு ஷெல்பெக் சுடு, வாசனை பிடிச்சுக்கிட்டு போயிடறேன்.”

செத்தவர்களுக்கென்று வெள்ளிக்கிழமை எண்ணெயில் பொரிக்கும் ரொட்டி அது. ரௌஷான் ஒருமுறைகூடச் சுடவில்லை.

“சுட்டா நீ செத்துட்டேன்னு ஆயிடும்.”

“ஊருக்கே தெரியும், மக்கு. பெரிய விஞ்ஞானியாம்!”

“தாள்ல வெள்ளையா வரட்டும், சுடறேன்” என்றாள். வராது என்று மனதின் ஒரு மூலையில் நம்பினாள், பாவம்.

கடைசிக் குப்பியை எடுத்தாள். மீனுக்கும் மனிதனுக்கும் அந்த இயந்திரம் ஏறக்குறைய ஒரே வார்ப்புதான். ஒரு வரிசையில் உயிருள்ள சாதாரண மீன், அடுத்ததில் சாகெனின் கன்னத்து உட்தோல். உயிருள்ள மனிதர் ஒருவரும் பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால் மூன்றாவதில் தன் கன்னத்தைச் சுரண்டி வைத்தாள். மீனுக்கு மை போலக் கோடு விழுந்தது. சாகெனுக்கு வெள்ளை. அவளுக்கும் வெள்ளை.

“குப்பி கெட்டுப்போச்சு போல, அபாய்” என்றாள் உதவியாளர் பகிலா. அவளுக்கு ரௌஷான் அபாய், அதாவது அக்கா.

“கெட்டிருந்தா மீனுக்கு எப்படிடி கோடு விழும்?” என்றாள் ரௌஷான். பிறகு பிப்ரவரியிலிருந்து விரல்விட்டு எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை மாவு பிசைந்தாள். அளவைப் பார்த்த பகிலாவுக்குக் குழப்பம்.

“ஏழுதானே அபாய்?”

“பதினாலு. எனக்குன்னு சுட யாரு இருக்கா?”

“நான் சுட மாட்டேனா?” என்று பகிலா அழுதாள். ரௌஷான் அவளைத் தட்டு வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எண்ணெயைக் காயவைத்தாள். சாகென் கண்ணை மூடி வாசனை பிடித்துக்கொண்டிருந்தான். ஏழாவது ரொட்டியை எடுத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் அழுதாள், அழுதபடியே அடுத்ததைத் தேய்த்துப் போட்டாள்.

பகிலா திரும்பி வந்தபோது பதின்மூன்று ரொட்டிகள் பொன்னிறமாக அடுக்கப்பட்டிருந்தன. பதினான்காவது, திருப்பிப்போட ஆளில்லாமல், எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்து, முறைப்படி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் பகிர்ந்தாள். கருகியதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.