செவலைக்கு நிரப்பிய மூங்கில்

நாற்பத்திரண்டு நாள் என்று சொல்லிவிட்டுத்தான் சித்தன் நாயின் காலைத் தொட்டார்.

"மனுசனுக்குன்னா ஒரு மண்டலம். நாயிக்கு ஆறு நாளு தள்ளுபடி" என்றார்.

தலைச்சோலையில் எலும்பு கட்டுகிறவர் அவர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மிளகு பறிக்க ஏறி விழுந்தவர்களுக்கும் கட்டியிருக்கிறார். நாய்க்குக் கட்டுவது அதுதான் முதல் தடவை. செவலையின் பின்னங்காலை நீவி நேராக்கினார். மூன்று முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து, துணியில் தடவிச் சுற்றி, மேலே மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கினார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

காயவில்லை. சித்தன் கை கழுவிவிட்டு வருவதற்குள் செவலை பாதிக் கட்டைத் தின்றிருந்தது.

"அட நாயே!" என்றார் சித்தன். நாயைப் பார்த்து அதற்கு மேல் என்னவென்று திட்டுவது?

நாய்க்காரி முத்தாயி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். "ஏனுங்க, முட்டையும் உளுந்தும் வெச்சுக் கட்டுனா எந்த நாயி திங்காம இருக்கும்? எங்க ஊட்டுல எங்களுக்கே உளுந்துப் பலகாரம் தீவாளிக்குத்தான்."

"இத்தன வருசத்துல நான் கட்டுன கட்டை ஒருத்தரும் தின்னதில்ல."

"அவுங்கெல்லாம் வெக்கப்பட்டிருப்பாங்க."

மறுநாள் மறுபடியும் கட்டினார். அதையும் தின்றது. மூன்றாம் நாள் கட்டின் மேல் வேப்பிலையை அரைத்துப் பூசினார். முகத்தைக் கோணிக்கொண்டே அதையும் நக்கித் தீர்த்தது. அப்போதுதான் சித்தனின் முகம் மாறியது.

"இனி ஒருக்கா எலும்பு நகந்துச்சுன்னா என்னால ஆவாது. மூணு காலு நாயிதான். நடமாடாமப் பொட்டியில போட்டு அடைங்க. அடைச்சாலும் வாயி சும்மா இருக்கோணுமே. அதுக்கு நீங்கதான் ஒரு வழி பாக்கோணும்."

முத்தாயியின் வீட்டுக்குக் கீழே ஒரு ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இறங்கியிருந்தது. காட்டுப்பன்றிக்கு அதன் வாசனை இரண்டு மைல் தூரத்துக்குத் தெரியும். காவல், செவலை ஒன்றுதான். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கிழங்கு, கிழங்கைக் காத்தது அந்த நாய்.

"மூணு காலு நாயி பன்னிய முடுக்குமா? பன்னிதான் அதைய முடுக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லத்தான் பார்த்தாள். முடியவில்லை.

இதையெல்லாம் அருக்காணி சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அருக்காணி எஸ்டேட்டின் எடைக் கொட்டகையில் காப்பிப் பழம் எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவள். சேலத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் குரலே எழும்பாது. கல்லூரி வாய்மொழித் தேர்வில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டபோது மூன்று விரலைக் காட்டித் தேறியவள். அடிபட்ட அன்று செவலையைச் சாக்கில் சுற்றி, மார்போடு தூக்கி, முத்தாயி வீடு வரை சரிவில் இறங்கி வந்தவள் அவள்தான்.

"பஸ்ஸுதானே கண்ணு?" என்று முத்தாயி கேட்டாள் அன்று.

அருக்காணியின் தலை அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று அவளுக்கே தெரியாது. முத்தாயி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? ஏற்காட்டிலிருந்து நாகலூர் வரும் பஸ் தினமும் பத்தேகாலுக்கு எடைக் கொட்டகை முன்னால் நிற்கும். அது நல்ல சரிவு. அந்த இடத்தில் எந்தச் சக்கரமும் முட்டுக்கல் கொடுக்காமல் நிற்காது. பஸ் நின்றதும் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். எஸ்டேட் டிராக்டருக்கும் கல், பழமூட்டை கொண்டுவரும் தள்ளுவண்டிக்கும் கல். பஸ் கிளம்பியதும் செவலை கீழ் வளைவு வரை குரைத்துக்கொண்டே துரத்தும். பிறகு ஒரு வேலையை முடித்த திருப்தியோடு ரோட்டோரம் வெயிலில் படுத்துக்கொள்ளும். என்றைக்காவது ஒருநாள் சக்கரத்தில் மாட்டும் என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். மாட்டிவிட்டதென்று கேள்விப்பட்டதும் யாரும் ஆச்சரியப்படவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது முத்தாயி நடு ரோட்டில் நின்று மறித்து, டிரைவர் காளியண்ணனைக் கேட்காத கேள்வி கேட்டாள். இனிமேல் இந்தப் பஸ்ஸில் கால் வைக்க மாட்டேன் என்றாள். வைக்கவில்லை. ஆரஞ்சுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்தே போனாள். எதிரே பஸ் வந்தால் காட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பெட்டிக்கு அருக்காணி ஏற்பாடு செய்தாள். காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷின் வந்த மரச்சட்டப் பெட்டி ஒன்று எஸ்டேட் ஷெட்டில் சும்மா கிடந்தது. அதைக் கேட்பதற்காக எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் செல்வராஜின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றாள்.

"என்னம்மா, கதவுக்குக் காவலா?" என்றார் அவர்.

"பொட்டி" என்றாள்.

"எந்தப் பொட்டி?"

"நாயிக்குங்க."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டது இவ்வளவுதானா? எடுத்துட்டுப் போ சாமி. நான் என்னமோ வேலைய உடப்போறியோன்னு பயந்துட்டேன்."

சித்தன் நாலாவது தடவை கட்டியதும் பெட்டியில் சாக்கு விரித்துச் செவலையை உள்ளே விட்டார்கள். முதல் நாள் முழுக்க அது ஊளையிட்டது. இரண்டாம் நாள் சட்டத்தைக் கடித்தது. சட்டம் அலுத்ததும் கட்டுப் பக்கம் திரும்பியது. முத்தாயி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கில் தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு நாளும் இப்படி உட்கார முடியாது.

நாய்க்கு வேலை இல்லை, அதுதான் விஷயம் என்று அருக்காணிக்குத் தோன்றியது. தட்டில் வைத்த சோற்றை அது மூன்று வாயில் முடித்துவிடுகிறது. மிச்ச நாளெல்லாம் சும்மா. சோற்றையே வேலையாக்கிவிட்டால்?

இரண்டு பக்கமும் கணு மூடிய மூங்கில் துண்டு ஒன்றை வெட்டி வந்தாள். காய்ச்சிய கம்பியால் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாள். நாக்கைக் கிழிக்காமல் இருக்க ஓட்டையின் விளிம்பைக் கல்லில் தேய்த்தாள். உள்ளே வறுத்த கொள்ளும் வெல்லத்துணுக்கும் போட்டுப் பெட்டிக்குள் உருட்டிவிட்டாள்.

செவலை முகர்ந்தது. மூக்கால் தள்ளியது. குழாய் உருண்டு ஒரு கொள்ளு விழுந்தது. தின்றது. குழாயைப் பார்த்தது, அருக்காணியைப் பார்த்தது, மறுபடியும் தள்ளியது.

நான்கு நிமிடத்தில் காலி. சீட்டின் பின்புறத்தில் அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

ஓட்டையைச் சிறிதாக்கினாள். ஒன்பது நிமிடம். உள்ளே குறுக்கே ஒரு குச்சி செருகினாள். பதினாறு. ராகிக்களியில் கருவாட்டுத் தூளைப் பிசைந்து குழாயின் உள்சுவரில் அப்பி, காப்பிக் களத்தில் ஒரு நாள் காயவைத்தாள். அன்று செவலை ஐம்பத்திரண்டு நிமிடம் நக்கியது. அப்புறம் குழாயின் மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனது. கட்டு கட்டாகவே இருந்தது. வெள்ளைக்கருவும் உளுந்தும் ஒருவழியாகக் காய்ந்து கல்லாயின.

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றாள் முத்தாயி. "எங்க மாமியாளுக்கு இப்படி ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தா எங்கூட்டுல சண்டையே வந்திருக்காது."

அருக்காணி சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பது குழாய் ஆயிற்று. காலையில் மூன்று, மத்தியானம் மூன்று, விளக்கு வைக்கும்போது மூன்று. வேலைக்குப் போகுமுன் வந்து நிரப்புவாள், மத்தியானச் சோற்று நேரத்தில் ஓடி வருவாள், வேலை முடிந்து மறுபடி வருவாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். "உனக்கு ஊடு வாசல் இல்லையா கண்ணு?" என்று முத்தாயி கடிந்துகொண்டு ஒரு டம்ளர் காப்பியை நீட்டுவாள். அந்தக் காப்பியைக் குடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆகும்.

இருபதாம் நாள் பத்தேகாலுக்குப் பஸ் நின்றது. காளியண்ணன் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். மந்தார இலையில் கட்டியிருந்தது. உள்ளே ஆட்டெலும்பு.

"நாயிக்கும்மா. மூங்கில்ல வெச்சுக் குடுக்கறயாமே. நாங்குடுத்ததுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லீராத, தூக்கி வீசீரும்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"பதினோரு வருசம் இந்த மலையில ஓட்டறேன். ஒரு கோழி அடிச்சதில்ல" என்றார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னைக்குக் கண்ணாடியில பாத்தேன். நாயி வளைவுல நின்னு திரும்புன மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா இத்தன பேரு சொல்றாங்க. எங்கண்ணு எனக்கே பொய் சொல்லுதோ என்னமோ. கீழ டவுன் பஸ்ஸுக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். மலையில ஓட்டறவனுக்குத் தங்கண்ணு மேல சந்தேகம் வரக்கூடாது, பாரு."

அருக்காணி வாயைத் திறந்தாள். கிளீனர் கல்லை உருவி எறிந்துவிட்டு "ரைட்" என்று தட்டினான். பஸ் போய்விட்டது.

கொட்டகைக்குள் திரும்பினாள். காற்றில் சீட்டுகள் படபடத்தன. முன்பெல்லாம் அவற்றின் மேல் கையில் கிடைக்கும் கல்லை எடுத்து வைப்பாள். இப்போது தன் சோற்றுத் தூக்குப்போசியை வைக்கிறாள். கல்லைத் தொடுவதில்லை.

அன்று எலும்பின் நடுவில் இருந்ததைக் குத்தி எடுத்துக் களியோடு பிசைந்து நிரப்பினாள். செவலைக்கு ஒரு மணி எட்டு நிமிடம் பிடித்தது. அவள் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நாய் நடக்கட்டும், நடந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது ஒரு சௌகரியம் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

முப்பதாம் நாள், முப்பத்தைந்து, நாற்பது. மாசக் கடைசியில் பழம் பறிப்பு குறைந்தது. பன்றிகள் ஒருமுறை வந்து இரண்டு வரிசை கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போயின. பெட்டிக்குள்ளிருந்தே செவலை குரைத்த குரைப்பில் மிச்சம் தப்பியது.

நாற்பத்திரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கொட்டகைக்குப் பக்கத்துக் காப்பிக் களத்துக்கு வந்தார்கள். நாய் நடந்து பார்க்க அக்கம்பக்கத்தில் அது ஒன்றுதான் சமதரை. சித்தன் வெந்நீரில் துணியை நனைத்துக் கட்டை ஊறவைத்து அவிழ்த்தார். உள்ளே கால் மெலிந்து, முடி படிந்து, குச்சி மாதிரி இருந்தது. செவலை அதை முகர்ந்து பார்த்தது. யாருடைய கால் என்பது போல.

"எந்திரி சாமி" என்றாள் முத்தாயி.

எழுந்தது. மூன்று காலில் நின்றது. நான்காவது காலைத் தரைக்கு மேலேயே வைத்துக்கொண்டது. அருக்காணி ஒரு குழாயை எடுத்துக் களத்தில் உருட்டிவிட்டாள். அது கடகடவென்று உருண்டது. செவலை இரண்டு எட்டு நொண்டியது. மூன்றாவது எட்டில் அந்தக் கால் தரையைத் தொட்டது. தொட்டு, தாங்கியது.

"வெச்சுருச்சு!" என்று சித்தன் கத்தினார். "நான் கட்டுன கட்டு!"

"நாலாவதா கட்டுன கட்டு" என்றாள் முத்தாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தேகாலுக்குப் பஸ் வந்தது. சத்தம் கேட்டதும் செவலை குழாயை விட்டது. களத்தின் விளிம்பு வரை தத்தித் தத்திப் போய், தன் பழைய குரலில் பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கிளீனர் கல்லைக் கொடுத்தான். காளியண்ணன் இறங்கி வந்தார். நாளையிலிருந்து அவர் கீழே சேலத்தில். மலையில் அன்றுதான் கடைசி.

முத்தாயி அவருக்கு எதிரே போய் நின்றாள். எல்லோரும் சண்டை என்றுதான் நினைத்தார்கள்.

"போவுதுங்க" என்றாள். "நாயி நடந்துருச்சு. நானும் நொம்பப் பேசிட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. ஒங்கள மன்னிச்சுட்டேன்."

காளியண்ணன் நாயைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். "தெரியாம நடந்து போச்சுங்க. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

அருக்காணி சுற்றிலும் பார்த்தாள். பஸ் நிறையச் சனம். களத்தில் சித்தன், ரைட்டர், பறிக்கிற பெண்கள். விரலைக் காட்டித் தப்ப இங்கே வழியில்லை. செவலை திரும்பி வந்து மூங்கிலைக் கவ்வி, அவள் காலடியில் போட்டுவிட்டு, நிரப்பு என்பது போல அண்ணாந்து பார்த்தது.

"அக்கா" என்றாள். "பஸ்ஸு இல்லீங்க."

"என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு."

"பஸ்ஸு அடிக்கலீங்க." குரல் களத்தின் மறுகோடி வரை கேட்டது. அவ்வளவு குரல் தனக்கு உண்டென்று அவளுக்கே தெரியாது. "அது போனப்புறம் நாயி ரோட்டோரம் படுத்திருந்தப்பத்தானுங்க வண்டி உருண்டு அடிபட்டுச்சு. சீட்டுப் பறக்குதுன்னு, தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் குடுத்திருந்த கல்லை நாந்தானுங்க எடுத்தேன்."