மூய் எந்த வருஷம் பிறந்தாள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. மெல்பர்னின் செயின்ட் ஆல்பன்ஸ் பகுதியில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு ஒரு வியட்நாமியப் பெண்மணி வந்தார். "தம்பி, அரசாங்கத்துக்கு ஒரு உறுதிமொழி எழுதிக் குடு. சாட்சிக் கையெழுத்தும் நீயே போட்டுடு" என்றார். இந்த நாட்டில் மருந்தாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. சாட்சி பார்க்க வேண்டியது கையெழுத்தை மட்டும்தான், உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதை அல்ல. ஆனால் நான் முப்பது வருஷமாக மருந்துச்சீட்டில் டாக்டர் கையெழுத்தையே சந்தேகப்பட்டுப் பிழைப்பவன். உறுதிமொழி நாலு வரி தாண்டியதும் கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மூய் ஆகிய நான் 1955ஆம் ஆண்டு மீ தோ நகரில் பிறந்தேன். 1979இல் அகதி முகாமில் எனக்குப் பதினேழு வயது என்று நான் சொன்னது"

(இங்கே நிறுத்திவிட்டேன். சொன்னது "தவறு" என்பதா, "பொய்" என்பதா? தவறு என்றால் கைப்பிசகு. பொய் என்றால் வக்கீல் வைக்க வேண்டும்.)

இரண்டாவது தொடக்கம், கதையாக. (கதையில் அவள், என் கவுண்டரில் அவர்.)

மூய் நோஞ்சான். இருபத்து நாலு வயதிலும் பள்ளிக்கூடப் பெண் என்றால் நம்புவார்கள். துணையில்லாத சிறுவர்களை முதலில் அனுப்புகிறார்கள் என்று முகாமில் ஒரே பேச்சு. அதிகாரி வயது கேட்டதும் "பதினேழு" என்றாள். அவர் 1962 என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் அவளை மெல்பர்னுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

பிறகு நாற்பது வருஷம் வீட்டு கராஜில் தையல். உருப்படிக்கு இவ்வளவு என்று கைக்காசு. எந்த முதலாளியும் அவள் பெயரில் ஓய்வுக்கால நிதி கட்டவில்லை. அவளிடம் இருந்த திட்டம் ஒரே வரி: பெண்களுக்கு அறுபதில் அரசாங்கம் ஓய்வூதியம் கொடுக்கும். அறுபது அறுபத்தைந்தானது. அறுபத்தைந்து அறுபத்தேழானது. இது 2024. பிறந்ததுமே ஒன்று என்று எண்ணும் வியட்நாமியர் கணக்கில் மூய்க்கு எழுபது. அரசாங்கத்தின் தாளில் அறுபத்திரண்டு. கண்ணில் புரை விழுந்துவிட்டது, விரல் மடங்க மறுக்கிறது, இன்னும் ஐந்து வருஷம் தைக்க வேண்டும்.

3

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் பாத்திரத்தை நான் நம்பவில்லை. ஓய்வூதியம் வருமென்றால் யார்தான் வயதைக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள்?

"அக்கா, அம்பத்தஞ்சுல பொறந்தீங்கன்னு என்ன ஆதாரம்?"

"என் பேருதான்."

அவர்களுக்கு வருஷங்கள் விலங்குகளின் பெயரில் வரும். ஆட்டு வருஷத்தின் பெயர் மூய். அந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு அதையே பெயராக வைத்துவிடுவதும் உண்டு. 1955 ஆடு. 1962 புலி.

"புலி வருஷத்துல பொறந்த பொண்ணுக்கு எவனாவது ஆடுன்னு பேரு வைப்பானா?" என்று கேட்டார்.

(அடிக்குறிப்பு: வியட்நாமின் வடக்கே மூய் என்றால் கொத்தமல்லி என்றும் பொருள். தேடிப் பிடித்து இதையும் அவரிடம் கேட்டேன். "நாங்க தெக்கத்திக்காரங்க. எங்க ஊர்ல கொத்தமல்லிக்கு வேற பேரு. நீ மாத்திரைய மட்டும் பாரு" என்றார்.)

4

மூய்க்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். பெயர் யாவ். சேவல் வருஷம், 1957. 1988இல் மூய்தான் படிவம் போட்டு வரவழைத்தாள். அந்தப் படிவத்தில் மூய் பிறந்தது 1962, யாவ் பிறந்தது 1957. வேறு வழியில்லாமல், உடன்பிறந்த தங்கையை "அக்கா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாவுக்கு இந்த மார்ச்சிலிருந்து ஓய்வூதியம் வருகிறது.

மூய் போய்க் கேட்டபோது ஓய்வூதிய அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னாளாம்: "கவலப்படாதீங்க. உங்க அக்காவுக்கு வந்த மாதிரி உங்களுக்கும் வரும். நீங்க சின்னவங்கதானே?"

இதைச் சொல்லிவிட்டு மூய் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பதினேழுன்னேன். நிமிர்ந்துகூடப் பாக்காம எழுதிக்கிட்டாங்க. இன்னைக்கு எழுபதுங்கறேன், ஆதாரம் கேக்கறாங்க. நீயும் கேக்கற. பொய்க்கு ஒருத்தரும் ஆதாரம் கேக்கல தம்பி."

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் அவரை விட்டு இறங்கி, நான் எழுதிக்கொண்டிருந்த தாளின்மேல் ஏறியது.

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறார், ஏற்றுக்கொள்கிறார்கள். (எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வருகிறது: அப்படியானால் உங்கள் குடியுரிமை எந்த வயதை வைத்து (இங்கேயும் நிறுத்திவிட்டேன்.)

முடிவு இ: கிழித்துப் போட்டுவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்புகிறார். (எழுத மனம் வரவில்லை.)

6

நேற்றுக் காலை மூயும் யாவும் சேர்ந்து வந்தார்கள். யாவ் என் தாள்களை எண்ணிப் பார்த்தார்.

"ஒரு பக்கத்துல முடியற விஷயத்துக்கு இந்தாளு எதுக்கு இத்தனை எழுதறாரு? யாருக்குக் காட்டப் போறாரு?"

(நியாயமான கேள்வி. பதில் நீங்கள்தான்.)

"அக்கா, நீ பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, அத வெச்சு வந்த என் பேப்பரும் பொய்யாயிடும். எனக்கு இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு."

"எனக்கு ஊசிக் கண்ணு தெரியலடி."

"எனக்கு வர்றதுல பாதி தரேன்."

"எத்தன நாளைக்கு?"

மூய் பேனாவை எடுத்து, தாளை மூக்கருகே கொண்டுபோய்க் கையெழுத்துக் கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. நான் தாளை வாங்கி மேசையில் வைத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பேனா என் நகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்போது யாவ் மூயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஒருநாளும் கூப்பிட்டிராத முறையில் கூப்பிட்டார்.

"வேணாம் தங்கச்சி. பெரியவ சொல்றேன், கேளு."

நான் என் விரலை எடுத்துவிட்டேன். மூய்க்கு இப்போது கோடு தெரியவில்லை. காட்டுவதானால் நீங்கள் காட்டுங்கள்.