மூக்கடைத்திருந்த சாட்சி

சாட்சி சொன்ன நாய்க்கு அந்த வருடம் முப்பத்தொரு வயது முடிந்தது. மோப்ப நாய்கள் பத்து வயதில் ஓய்வு பெற்று, பன்னிரண்டு பதின்மூன்றில் போய்ச் சேர்ந்துவிடும். இது போகவில்லை. கால்நடை மருத்துவர் மூன்று முறை பார்த்துவிட்டுக் குழி வெட்டி வைக்கச் சொன்னார். மூன்றாம் முறை சொன்ன மறுமாதம் அவரே போய்விட்டார். அடுத்து வந்தவர் விவரமானவர். வழக்கில் பிழை இருந்தால் சாட்சி எப்படிச் சாகும் என்று கேட்டுவிட்டு, பல் இல்லாததால் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். தெருவில் அதைச் சாட்சி என்றே கூப்பிட்டார்கள். காவல்துறை அலுவலகமும் இதில் அதிசயம் எதையும் காணவில்லை. நாய் உயிரோடு இருக்கும்வரை தீனி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு இருந்தது, அனுப்பினார்கள்.

அதை வளர்த்த பயிற்சியாளர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வழக்கில் என்ன பிழை என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மருந்துக்கடைக்காரர் ஒருவர் கடைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார், பக்கத்தில் கொன்றவன் விட்டுப்போன ஒரு துண்டு. முந்தின வாரம் அந்தக் கடைக்குப் பூட்டு மாற்றிய பூட்டுக்காரரையும் இன்னும் எட்டுப் பேரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆய்வாளர் முன்கூட்டியே பயிற்சியாளரின் காதில், "அஞ்சாவது ஆளுதான்யா. நாய் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று சொல்லியிருந்தார். நாய்க்கு நான்கு நாளாகச் சளி. மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டது. கறியை முன்னால் வைத்தால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். உடம்பு சரியில்லை என்று எழுதினால் ஏன் ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். அதனால் அவர் எழுதவில்லை. துண்டைக் காட்டினார்கள், நாய் நடந்தது. ஐந்தாவதாக நின்ற பூட்டுக்காரரிடம் வந்தபோது பயிற்சியாளர் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தார். நாய் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. கைரேகை இல்லை, ரத்தக்கறை இல்லை, கண்ணால் கண்டவர் இல்லை. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார் அரசு வழக்கறிஞர். அது உண்மைதான். பூட்டுக்காரருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அப்போது அவர் மனைவியின் வயிற்றில் இருந்த மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டாள். பூட்டுக்காரரின் மனைவி அரத்தைக் கையில் எடுத்துக் கடையை நடத்தினார். செய்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பதினாலாவது வருடமே விடலாம் என்று சிறையில் சொன்னார்கள். செய்யாததுக்கு எப்படி சார் வருந்துறது என்று பூட்டுக்காரர் கேட்டார், காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் பயிற்சியாளரின் வீட்டு வாசல் பூட்டுக்குள் சாவி ஒடிந்துபோனது. அந்தப் பக்கத்தில் வேறு பூட்டுக்கடை கிடையாது. தெருமுனையில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்க் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து, வாசலில் படுத்திருந்ததைப் பார்த்தார்.

"இது அந்த நாய்தானே?"

"ஆமாம்மா. ஒண்ணும் பண்ணாது, கடிக்காது."

"கடிக்கிற நாயா இருந்திருந்தா தேவலையே" என்று சொல்லிவிட்டு, அதைத் தாண்டிப் போய் வேலையைப் பார்த்தார்.

நாயின் முப்பத்தொன்றாம் வயதில்தான், மோப்ப நாயை மட்டும் நம்பித் தண்டித்த வழக்குகளை மறுபடி விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு என்றால் ஒரு பெண் அதிகாரி, ஒரு தட்டச்சர், கால் ஆடும் மேசை ஒன்று. நூற்றுப்பதினெட்டு வழக்குகளில் நாய் உயிரோடு இருந்தது இந்த ஒன்றில்தான். பயிற்சியாளர் சளியில் தொடங்கி மூச்சைப் பிடித்ததுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இத்தனை வருஷம் ஏன் சார் சொல்லலை என்று அதிகாரி கேட்டார். "யாரும் கேக்கலைம்மா" என்றவர், ஆடிய மேசையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துட்டேன்" என்றார். வீட்டில் அவர் மனைவி, தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறீங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதே மைதானம், அதே துண்டு, பூட்டுக்காரரோடு சேர்த்து ஒன்பது பேர். பயிற்சியாளரை மட்டும் ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நாய் துண்டை மோந்து, தும்மி, ஒன்பது பேரையும் விட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் நடந்து மூடிய கதவின் முன்னால் போய் உட்கார்ந்தது. அறையை மாற்றி மாற்றிப் பதினொரு முறை சோதித்தார்கள், பதினொரு முறையும் அவர் இருந்த கதவுதான். அது வாழ்நாளில் மோப்பம் பிடித்தது அவர் ஒருவரை மட்டும்தான் என்று அதிகாரி நாற்பது பக்கம் எழுதினார். எழுதிய கையோடு பூட்டுக்கடைக்குப் போய், இந்தத் தடவை வந்துருவார்ம்மா என்றார். அந்த அம்மாள் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தார். அளவு கேட்டதற்கு, முன்னே அளவு தெரியும், இப்போ தெரியாது என்றார்.

தீர்ப்பு இரண்டு வருடம் கழித்து வந்தது. தள்ளாத வயது நாயின் தடுமாற்றத்தை வைத்து, இரண்டு வயது நாயின் தெளிவான சாட்சியத்தை ஒதுக்க முடியாது. சளிக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அன்றைய பதிவேட்டில் 'நாய் நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவரே பயிற்சியாளர்தான்.

அடுத்த மழைக்காலத்தில் பூட்டுக்காரர் சிறை மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தார். இனி நாய்க்கும் விடுதலை என்று நினைத்துப் பயிற்சியாளர் கொல்லையில் குழி வெட்டி, அதன் ஓரத்தில் நாயைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் போனது. நான்காம் நாள் காலையில் அது எழுந்து பால் குடித்தது. குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் அழுதார். ஆள் போன பிறகும் பிழை அப்படியே இருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு பூட்டுக்கடைக்குப் போனார். "இன்னொரு மனு போடலாம்மா. சாட்சி இன்னும் இருக்கு."

"யாரை வெளிய கொண்டுவர்றதுக்கு?"

அந்த அம்மாள் ராவிக்கொண்டிருந்த சாவியை முடித்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, கூடவே நடந்தார்.

நீதிமன்ற எழுத்தர் மனுதாரர் எங்கே என்றார். இறந்துவிட்டார் என்றார்கள். சாட்சி எங்கே என்றார். பயிற்சியாளர் நாயைத் தரையில் இறக்கிவிட்டார். எழுத்தர் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்து, 'உயிருடன்' என்று எழுதி, பதினொரு வருடம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். அப்போது பயிற்சியாளருக்கு எண்பத்தொன்று ஆகும்.

"சாட்சி வந்துரும், அதுல ஒண்ணும் சந்தேகமில்லை" என்றார் எழுத்தர். "கூட்டிட்டு வர்ற ஆள் யாருன்னு இப்பவே எழுதிக் குடுத்துருங்க."

அந்த அம்மாள் பேனாவை வாங்கி மகளின் பெயரை எழுதினார். பிறகு எழுத்தரைக் கேட்டு, இன்னும் ஒரு வரி இடம் வாங்கி, பேத்தியின் பெயரையும் எழுதினார்.